கல்லின் பின்பக்கம் எழுதிய பெயர்

"ஜப்பான்ல சாதி இல்லையாமேண்ணே?" ஊர் திரும்பிய இந்த ஒரு மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். புல்லட் ரயில் பற்றியும் மீன் சோறு பற்றியும் கேட்டவர்களைவிட இதைக் கேட்டவர்கள் அதிகம். கேட்டவர்களில் பலர் மாணவர்கள். கேள்வியில் ஓர் ஏக்கம் இருந்தது. உலகத்தில் எங்காவது ஓர் இடம் இது இல்லாமல் இருக்காதா என்கிற ஏக்கம். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பதிலை நேராகச் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. இந்து மதம் இல்லை, மனு இல்லை, நிறத்தில் வித்தியாசம் இல்லை, மொழியில் வித்தியாசம் இல்லை. அப்படியும் இருக்கிறது.

பிறப்பின் அடிப்படையிலான பாகுபாடு குறித்து ஒசாகாவில் நடந்த ஒரு கூட்டத்துக்குத் தோழர்கள் அழைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் மூன்று நாள் மிச்சமிருந்தது. ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் கியோட்டோ. கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியப் பேரரசர்கள் வாழ்ந்த பழைய தலைநகர். நேர் நேராகக் கோடு போட்ட தெருக்கள், கோயில்கள், தோட்டங்கள், நடுவே ஓடும் கமோ ஆறு. நம் மதுரையைப் போல அதுவும் கோயில் நகரம். மதுரையைப் போல அங்கேயும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், ஆயிரங்கால் மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். 1939 ஜூலை 8 வரை நம் பாட்டன்மார் அந்த வாசலுக்குள் கால் வைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. வைத்தியநாத அய்யரும் கக்கனும் மற்றவர்களும் உள்ளே நுழைந்த கதையைச் சொல்லும் வழிகாட்டிகளும் குறைவு. கோயிலைப் பார்த்துவிட்டு அவர்கள் கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய்விடுவார்கள். மேற்கே நாற்பது கிலோமீட்டர் வந்து உசிலம்பட்டியைப் பார்த்த வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் எத்தனை பேர்?

கியோட்டோவில் அந்த வெள்ளைக்காரன் நான். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மூன்று நாளும் ஒருவர்கூட "எந்த ஊரு?" என்று கேட்டு, பதில் வந்ததும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கிய விடுதியில், சாப்பிட்ட கடையில், எல்லா இடத்திலும் 'இந்தியர்' என்பதோடு முடிந்தது.

கோயில்களில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் செருப்பு என்பது வெறும் செருப்பு இல்லை. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கியோட்டோவில் என் முன்னால் நின்ற பணக்காரக் கிழவரும் கழற்றினார், நானும் கழற்றினேன். எல்லோரும் கழற்றினால் அது மரியாதை. ஒருவன் மட்டும் கழற்றினால் அது சாதி. அந்த வாசலில் நிம்மதியாகத்தான் நின்றேன். ஆனால் அந்த நிம்மதி எனக்குக் கிடைத்தது நான் வெளிநாட்டான் என்பதால். அந்த நகரத்தில் பிறந்த எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. பழைய ஜப்பானில் தோல் வைத்த செருப்புகளைச் செய்தவர்களும் தைத்துக் கொடுத்தவர்களும் யார் என்று தேடிப் போனாலே கதை தொடங்கிவிடும்.

அவர்களை 'எத்தா' என்றார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள். இன்னொரு பிரிவுக்கு 'ஹினின்' என்று பெயர். 'மனிதர் அல்லாதவர்' என்று பொருள். செத்த மாட்டை எடுப்பது, தோல் உரிப்பது, பதனிடுவது, கொலைக்களத்தில் வேலை செய்வது எல்லாம் இவர்கள் தலையில். தனிக் குடியிருப்பு. புத்தமும் ஷிந்தோவும் சொன்ன தீட்டு. ஒவ்வொரு வரிக்கும் நம் ஊரில் இணை உண்டு. 1871இல் அரசு ஒரே ஆணையில் இந்தப் பெயர்களை ஒழித்தது. பெயர் போனது. அதோடு தோல் தொழிலில் இவர்களுக்கு இருந்த தனி உரிமையும் போனது. அவமானம் மட்டும் போகவில்லை. "இவர்களும் நமக்குச் சமமா?" என்று கொதித்து 1873இல் மிமாசாக்கா பகுதியில் ஒரு கும்பல் இவர்களின் வீடுகளைக் கொளுத்தியது, ஆட்களைக் கொன்றது. இன்று இவர்களைப் புராகு மக்கள் என்கிறார்கள். 'புராகு' என்றால் வெறும் குடியிருப்பு என்றுதான் அர்த்தம். நாம் 'காலனி' என்று சொல்வதைப் போல. நல்ல சொல்லாகத்தான் வருகிறது, நம் ஆட்களின் மேல் ஒட்டியதும் வசவாகிவிடுகிறது.

முதல் நாள் ரியோவான்ஜி கோயிலுக்குப் போனேன். பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது டிரைவரிடம் காசு போட வேண்டும். அங்கே உலகப் புகழ்பெற்ற கல் தோட்டம் ஒன்று இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். செடி கிடையாது, பூ கிடையாது. சுமார் இருபத்தைந்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்தில் வெள்ளைச் சரளை. அதில் 15 கற்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறைந்துவிடும். திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜென், வெறுமை, தியானம் என்று இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள்.

என்னோடு வந்த மாணவி ஒரு விஷயம் சொன்னார். பின்சுவர்ப் பக்கம் இருக்கும் ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கொத்தாரோ. இன்னொன்றில் முதல் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. கடைசிப் பகுதி மட்டும் 'ஜிரோ' என்று இருக்கிறது. இவர்கள் 'கவரமோனோ' என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 'ஆற்றங்கரையார்' என்று பொருள். வரி இல்லாத, வெள்ளம் வரும் ஆற்றுப் புறம்போக்கில் குடிவைக்கப்பட்டு, தோல் வேலையும் மண் வேலையும் கல் வேலையும் செய்த தீண்டத்தகாதவர்கள். தோட்டத்தை வடிவமைத்தது யார் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. ஆனால் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து தியானம் செய்கிறவர்களுக்குத் தெரியாத பக்கத்தில்.

அந்தக் காலத்துக் கவரமோனோக்களில் சென்னாமி என்ற தோட்டக் கலைஞர் பெரும் புகழ் பெற்றவர். ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவே அவரை மதித்தார். நோயில் விழுந்தபோது மருந்து அனுப்பினார். அவருடைய பேரன் மத்தாஷிரோவும் பெரிய கலைஞர். 1489இல் ஒரு துறவியின் நாட்குறிப்பில் இவர் பேசியது பதிவாகியிருக்கிறது. கொல்லும் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்ததற்காகத் தான் வருந்துவதாகவும், அதனால் தான் எந்த உயிரையும் கொல்வதில்லை என்றும் சொல்கிறார். கையில் அவ்வளவு கலை இருந்தும், தன் பிறப்புக்காகத் தானே தலைகுனிகிறார். கோயிலைக் கட்டியவன் கோயிலுக்கு வெளியே நிற்பது ஒரு கொடுமை. வெளியே நிற்பதற்குத் தன் பிறப்பே காரணம் என்று அவனே நம்புவது அதைவிடப் பெரிய கொடுமை.

அந்தக் குனிந்த தலை நிமிர 433 ஆண்டுகள் ஆயின. அதே கியோட்டோவில், ஒகாசாகி பகுதியில் இருந்த பொது மண்டபத்தில், 1922 மார்ச் 3 அன்று நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான புராகு மக்கள் கூடினார்கள். ஒகாசாகிக்கு இன்றும் சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். ஹெய்யான் கோயிலின் மாபெரும் சிவப்புத் தோரணவாயில் அங்கேதான் இருக்கிறது. அதன் அடியில் நின்று படம் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அருகிலிருக்கும் நினைவுக்கல்லைப் பார்ப்பதில்லை. நான் அந்தக் கல்லின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். சிவப்பு வாயிலை வரும் வழியில் பார்த்ததோடு சரி.

அன்று தொடங்கிய அமைப்பின் பெயர் சுய்ஹெய்ஷா. 'சுய்' என்றால் தண்ணீர், 'ஹெய்' என்றால் சமதளம். தண்ணீர் மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டட வேலைக்குப் போயிருக்கும் தம்பிகளுக்கு இது உடனே புரியும். கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கும். நீண்ட சுவராக இருந்தால் டியூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு முனையிலும் மட்டம் பார்ப்பார். தண்ணீர் யார் வீட்டுச் சுவர் என்று பார்த்து ஏறி இறங்காது. அப்படி ஓர் அமைப்பு. அடுத்த ஆண்டே, 1923இல், கொரியாவின் ஜின்ஜு ஊரில் அங்கே இழிவாக நடத்தப்பட்ட கசாப்புக்காரச் சமூகத்தார் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயரில் இருப்பது தராசு. இறைச்சி நிறுக்கும் தராசு. இரண்டு மக்களும் சமத்துவத்துக்குத் தாங்களே பெயர் கண்டுபிடித்தார்கள்.

சுய்ஹெய்ஷாவின் பிரகடனத்தை எழுதியவர் நாரா பகுதியைச் சேர்ந்த சாய்கோ மான்கிச்சி. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பரிதாபப்பட்டு நமக்கு நல்லது செய்ய வந்தவர்களால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இனி நம் விடுதலையை நாமே எடுத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். எந்தச் சொல்லை வைத்து இழிவுபடுத்தினார்களோ, அந்தச் சொல்லையே எடுத்து, அப்படிப் பிறந்ததற்குப் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 1489இல் வருந்திய வாய் 1922இல் பெருமை பேசியது. அந்த மேடையில் யமாதா கொனோஜிரோ என்ற பதினாறு வயதுப் பையன் ஏறி, பள்ளிக்கூடத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறான். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் விடுதலை இயக்கம் தொடங்கிய நாளில் பேசியவர்களில் ஒருவன் உங்களைவிடச் சின்னவன்.

இந்த இயக்கத்திலிருந்து வந்தவர் மாட்சுமோட்டோ ஜிய்ச்சிரோ. 1947இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். பேரரசருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1948இல் அவர் அப்படி நடக்க மறுத்தார். நம் ஊரில் அம்பலகாரர் முன்னால் துண்டைத் தோளில் போட்டபடி நிற்பவனுக்கு அந்த மறுப்பின் எடை தெரியும்.

இரண்டாம் நாள் சூஜின் போனேன். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நகரத்தின் பழைய, பெரிய புராகு குடியிருப்பு. அங்கே யானகிஹாரா வங்கியின் மரக் கட்டடம் இருக்கிறது. தோல் வியாபாரத்துக்கு மற்ற வங்கிகள் கடன் தராத காலத்தில், 1899இல், அகாஷி தமிஸோவும் மற்றவர்களும் சேர்ந்து தங்கள் மக்களுக்காகத் தொடங்கிய வங்கி. 1907இல் இந்தக் கட்டடம் எழுந்தது. 1927 நிதி நெருக்கடியில் வங்கி மூழ்கியது. பிறகு சாலையை அகலப்படுத்தும்போது கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். குடியிருப்பு மக்கள் போராடிக் காப்பாற்றி, கொஞ்சம் நகர்த்தி வைத்து, 1997இல் நினைவு அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். சுற்றிலும் பழைய அரசுக் குடியிருப்புகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. 2023இல் நகரின் கலைப் பல்கலைக்கழகம் இங்கே இடம் பெயர்ந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், ஓவியம் சுமந்துபோகும் மாணவர்கள். ஒரு காலத்தில் யாரும் கால் வைக்காத நிலம் இன்று நகரத்தின் விலையுயர்ந்த நிலம். வந்தது வளர்ச்சிதான். ஆனால் அங்கேயே இருந்தவர்களில் எத்தனை பேர் அதை அனுபவிக்க மிஞ்சியிருக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அருங்காட்சியகத்தில் அந்தப் பகுதியில் பிறந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பெயர் எழுதவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் சாதி முகத்தில் இல்லை. முகவரியிலும் குடும்பப் பதிவேட்டிலும் இருக்கிறது. 1872இல் எடுத்த முதல் பதிவேட்டில் சில இடங்களில் 'புதிய குடிமக்கள்' என்று குறித்து வைத்தார்கள். அதை வைத்து மாப்பிள்ளை வீட்டாரும் கம்பெனிகளும் ஆள் பார்த்தார்கள். 1968இல்தான் அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்க முடியாதபடி மூடினார்கள். 1975இல் அடுத்த கொடுமை வெளியே வந்தது. நாடு முழுவதும் உள்ள புராகு குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்து ரகசியமாக விற்றிருக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கின்றன. பிறகு அதே மாதிரிப் பட்டியல் இணையத்தில் ஏறியது. அந்த வழக்கில் 2023 ஜூனில் தோக்கியோ உயர் நீதிமன்றம் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அங்கே இந்தக் குடியிருப்புகளில் அரசு கொட்டிய பணம் கொஞ்சமல்ல. 1969 முதல் 2002 வரை தனிச்சட்டம் போட்டு வீடு, சாலை, பள்ளி எல்லாம் கட்டினார்கள். 1993 அரசுக் கணக்கின்படி 4,442 குடியிருப்புகள், சுமார் 9 லட்சம் மக்கள். வீடு மாடியானது. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் பழைய முகவரி எழுந்து வந்தது. 2016இல் மறுபடியும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

உசிலம்பட்டிக்காரனுக்கு இதில் எது புதிது? நம் மண்ணிலும் பிறப்பைப் பதிவேட்டில் ஏற்றி வேட்டையாடிய கதை உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், கைரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற கள்ளர் மக்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். பிறந்த குடும்பத்தை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜெயித்தவர்கள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். எழுமலைக்குப் பக்கத்து உத்தப்புரத்தில் சுவர் நின்றது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடிக்க அரசு இயந்திரமே வர வேண்டியிருந்தது. தன் மேல் எழுதப்பட்ட எழுத்தை அநியாயம் என்று எதிர்த்தவர்கள், அடுத்தவன் மேல் எழுதப்பட்டதை இயற்கை என்று நினைக்கிறார்கள். இது ஒரு சாதியைப் பற்றிய புகார் அல்ல. சாதி வேலை செய்யும் விதம் இதுதான்.

அந்தப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். உண்மையில் அது என் கேள்வி அல்ல. நம் மாலை வகுப்பில் படித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டது. "அண்ணே, வீடு பாக்கப் போனா ஊரையும் தெருவையும் நோண்டிக் கேக்குறாங்க. நான் மதுர டவுனுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துர்றேன். இது கோழைத்தனமாண்ணே?"

மாணவி மொழிபெயர்த்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: என் அண்ணன் இந்த இடத்தை விட்டுப் போய், கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தார். நான் இங்கேயே இருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்கிறவன்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் எல்லோருமே போய்விட்டால், இங்கே என்ன நடந்தது என்பதை எழுதுகிறவன் அந்த ரகசியப் பட்டியலை விற்றவனாகத்தான் இருப்பான்.

இந்தப் பதிலை நான் பல தடவை யோசித்துவிட்டேன். ஒரே பெயர்தான். ரகசியப் பட்டியலில் இருந்தால் ஆயுதம். அருங்காட்சியகச் சுவரில் அந்த மக்களே எழுதினால் வரலாறு. யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் உதவிகள் பெரும்பாலும் குடியிருப்புக்கு வந்தன. நமக்கு இட ஒதுக்கீடு ஆளுக்கு வருகிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை மேசையில் வைக்கும்போது நாம் கேட்பது உரிமை. வீட்டுக்காரன் கேட்கும்போது அவன் தேடுவது தீட்டு. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்குத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. தம்பி, நீ கோழை இல்லை. கூரை வேண்டும் என்று நிற்கிறவனிடம் வீரத்தை எதிர்பார்க்கிற இயக்கம் நல்ல இயக்கம் இல்லை.

தனி ஆளுக்குச் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. இயக்கத்துக்கு அந்த உரிமை கிடையாது. அது சொல்லித்தான் ஆக வேண்டும். சூஜின் மக்கள் ஒரு பழைய மரக் கட்டடத்தைக் காப்பாற்றி அதைச் செய்தார்கள். ஒசாகாவின் நானிவா பகுதியில் தலைமுறை தலைமுறையாக மேளத்துக்குத் தோல் கட்டிக் கொடுத்தும் அதை அடிக்கும் மேடை கிடைக்காதவர்களின் பிள்ளைகள், 1980களில் தாங்களே மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். குழுவுக்கு 'கோபம்' என்று பொருள்படும் 'இக்காரி' என்று பெயர் வைத்தார்கள். பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்த நமக்கு அவர்கள் அந்நியர்களா?

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். வரும் விடுமுறையில் ஊருக்கு வரும் மாணவர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாபட்டியில், கீரிப்பட்டியில், நாட்டார்மங்கலத்தில் அந்தப் பத்து ஆண்டுகளில் மனுத்தாக்கல் செய்யத் துணிந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று நேரில் பார்த்துக் கேளுங்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று வெட்டப்பட்ட முருகேசனும் தோழர்களும் தலைவர் பதவிக்குக் கொடுத்த விலையை ஊர் அறியும். உயிரோடு இருந்து அவமானப்பட்டவர்களின் கதை பாதி எழுதப்படவில்லை. உத்தப்புரத்துச் சுவரைக் கண்ணால் பார்த்த பாட்டிகளிடம் பேசுங்கள். அவர்கள் அனுமதி கொடுத்தால் பெயரோடு எழுதுங்கள். கொடுக்காவிட்டால் பெயரில்லாமல் எழுதுங்கள். அது அவர்கள் உரிமை. தேதி, இடம், யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சரியாக எழுதுங்கள். படம் எடுத்தால் வீட்டு எண் தெரியாமல் எடுங்கள்.

கொத்தாரோ தன் பெயரை ஐநூறு ஆண்டுகளுக்கு முன்னால் கல்லின் பின்பக்கத்தில்தான் செதுக்க முடிந்தது. முன்பக்கம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு எழுதப் படிக்கத் தெரியும், கையில் போன் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அம்பேத்கர் இருக்கிறார். முன்பக்கத்திலேயே எழுதுவோம்.

ஜெய்பீம்.